டக டகவென்று திரும்பும் பலகையை வீட்டில் செய்ய முடியுமா?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் முன்பு ஒரு பலகை இருந்தது. எழுத்துகள் டக டகவென்று புரண்டு கடைசியில் ஊர்ப் பெயராக வந்து நிற்கும். அதைப் போல ஒன்றை வீட்டுச் சுவருக்குச் செய்துகொள்ள முடியுமா? ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சிறு மின்னணுப் பலகை) கொஞ்சம் தெரியும், சால்டரிங் வரும், மோட்டார் அதிகம் ஓட்டியதில்லை. எங்கே தொடங்குவது? தமிழ் எழுத்து வருமா?

முடியும். இப்படிப் புரளும் பலகையில் இரண்டு வகை உண்டு. நான் இரண்டும் செய்திருக்கிறேன், ஒன்று சுமாராக, ஒன்று நன்றாக. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு எழுத்து திரும்பும் கட்டத்தைச் செய்வது சனி, ஞாயிறு இரண்டு நாள் வேலை. அதைப் பார்த்துவிட்டு "இருபது செய்துவிடலாம், இருபது வாரம்" என்று கணக்குப் போடாதீர்கள். இருபதும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும், பத்தாயிரம் முறை திரும்பிய பிறகும் சரியான எழுத்தில் நிற்க வேண்டும். இந்தத் திட்டத்தின் முழுக் கஷ்டமும் அங்கேதான் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் ஒரு பெரிய விஷயமே இல்லை.

நீங்கள் சாங்கியில் பார்த்தது ஸ்ப்ளிட் ஃப்ளாப் வகை, அதாவது மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிந்த தகடுகள் புரளும் வகை. அங்கே கடைசியாக இருந்த பலகைகளை 2020இல் கழற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் 30ஆம் தெரு ரயில் நிலையத்தில் இருந்த புகழ்பெற்ற பலகை அதற்கு ஓர் ஆண்டு முன்னால், 2019 ஜனவரியில் இறங்கியது. இந்த வகைக்குப் பல இடங்களில் "சோலாரி பலகை" என்றே பெயர் நின்றுவிட்டது. இத்தாலியின் வடகிழக்கில் பெசாரீஸ் என்ற மலைக் கிராமத்தில் 1725இல் கோபுரக் கடிகாரம் செய்யத் தொடங்கிய சோலாரி குடும்பத்தின் நிறுவனம் அது. கடிகாரக்காரர்கள் என்பதால், ஒரு சக்கரத்தை ஒரு பல் தள்ளி நிறுத்துவது அவர்களுக்குக் கைவந்த வேலை. ரெமிஜியோ சோலாரியும் கட்டடக் கலைஞர் ஜீனோ வல்லேவும் சேர்ந்து தகடு புரளும் கடிகாரத்தை உருவாக்கினார்கள். அவர்களுடைய 'சிஃப்ரா 5' கடிகாரத்துக்கு 1956இல் இத்தாலியின் கொம்பாசோ தோரோ வடிவமைப்பு விருது கிடைத்தது. அதே ஆண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் ரயில் நிலையத்துக்குப் பலகை போனது. எண் காட்டத் தொடங்கியதுதான் பிறகு எழுத்துக்கும் வந்தது.

இன்னொரு குடும்பம் ஃப்ளிப் டாட். வெளிநாட்டுப் பேருந்துகளின் நெற்றியில் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் புள்ளிகளாக ஊர்ப் பெயர் தெரியுமே, அது. கனடாவில் ஃபெரான்டி-பேக்கார்டு நிறுவனத்தில் கென்யன் டெய்லர் என்பவர் உருவாக்கியது. 1961இல் மான்ட்ரியல் பங்குச் சந்தையில் முதலில் மாட்டினார்கள். பேருந்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

(நம் ஊர்ப் பேருந்தில் கடைசி நிறுத்தம் வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தகரப் பலகையைத் தூக்கிப் புரட்டி வைப்பார்களே, கணக்குப்படி அதுவும் இரண்டே எழுத்து கொண்ட ஒரு ஸ்ப்ளிட் ஃப்ளாப்தான். மோட்டாருக்குப் பதில் நடத்துநர்.)

இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. காட்டியதைக் காட்டியபடி வைத்திருக்க மின்சாரம் வேண்டாம். மாறும்போது மட்டும்தான் கரண்ட். கேட்பதற்கு அழகாக இருக்கிறது, ஆனால் செய்பவருக்கு இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது: பலகைக்கு ஞாபகம் இருக்கிறது, அதை ஓட்டும் சிப்புக்கு இல்லை. கரண்ட் போய் வந்தால் சுவரில் "மதுரை" என்று அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் கன்ட்ரோலருக்கோ எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்று ஒன்றுமே தெரியாது. கீழே நான் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

சரி, ஸ்ப்ளிட் ஃப்ளாப்பிலிருந்து தொடங்குவோம். உங்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன், ஏனென்றால் எல்லாமே கையால் செய்யக்கூடிய அளவில் இருக்கும்.

ஒரு உருளை, அதைச் சுற்றி 40 தகடு. ஒவ்வொரு தகடும் கீல் போலத் தன் அச்சில் தொங்குகிறது. முன்னால் எப்போதும் இரண்டு தகடு தெரியும்: மேலே நிமிர்ந்து நிற்பது ஒன்று, கீழே தொங்குவது ஒன்று. மேல் தகட்டின் உச்சி, பெட்டியின் விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கும். உருளை கொஞ்சம் திரும்பியதும் விளிம்பிலிருந்து வழுக்கி, டக்கென்று கீழே விழும். அதற்குப் பின்னால் நின்ற அடுத்த தகடு மேலே தெரியும். அவ்வளவுதான் இயந்திரம்.

எல்லாரும் முதலில் சறுக்கும் இடம் அச்சடிப்பது. ஒரு தகட்டின் முன்பக்கத்தில் 'A'யின் மேல்பாதி இருந்தால், பின்பக்கத்தில் வர வேண்டியது 'A'யின் கீழ்பாதி கிடையாது, 'B'யின் கீழ்பாதி. தகடு விழுந்த பிறகு தெரிவது பின்பக்கம்தானே. அப்போது மேலே 'B' வந்திருக்கும். அதோடு தகடு பக்கவாட்டில் புத்தகத் தாள் போலத் திரும்புவதில்லை, தலைகுப்புற விழுகிறது. இதை மறந்து இரண்டு பக்கமும் அச்சடித்தால் கீழ்பாதி முழுக்கத் தலைகீழாக வரும். நான் முதல் செட் 40 தகட்டையும் இப்படித்தான் வீணாக்கினேன். காகிதத்தில் மூன்றே மூன்று தகடு வெட்டி, ஒரு குச்சியில் செருகி, விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

தகட்டுக்கு எதைப் பயன்படுத்துவது? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் திறந்த வடிவமைப்புகளில் அதிகம் பேர் பின்பற்றுவது ஸ்காட் பெசெக் என்பவருடையது. அதில் ஒரு புத்திசாலித்தனமான யோசனை இருக்கிறது: ஐடி கார்டு அடிக்கும் வெற்று பி.வி.சி அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டுவது. அட்டை ஏறக்குறைய 86க்கு 54 மில்லிமீட்டர். பாதியாக வெட்டினால் 54 அகலம், 43 உயரம். 40 தகட்டுக்கு 20 அட்டை போதும். நம் ஊரில் பள்ளி, கல்லூரிக்கு ஐடி கார்டு அடித்துக் கொடுக்கும் கடை எந்தத் தெருவிலும் உண்டு, வெற்று அட்டை பெட்டியாகவே கிடைக்கும். முதலில் நான் விசிட்டிங் கார்டு அட்டையில் செய்து பார்த்தேன். மழைக் காலத்தில் வளைந்துவிட்டது, இரண்டு தகடு சேர்ந்து விழுந்தது. அதோடு சத்தமும் சப்பென்று இருந்தது. உங்களுக்கு வேண்டியது அந்த "டக்" சத்தம் என்றால் பி.வி.சிதான் சரி. 0.76 மில்லிமீட்டர் தடிமன் அதற்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

பெட்டிக்கு 3 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் பலகை (மரத்தூளை அழுத்திச் செய்தது), லேசரில் வெட்டியது. லேசர் கடைக்காரர் வரைபடத்தைப் பார்த்ததும் "சார், இது எத்தனை பீஸ்?" என்று கேட்டார். "இருபது" என்றதும், "முதல்ல ஒண்ணு வெட்டித் தரேன், மாட்டிப் பாத்துட்டு வாங்க" என்றார். இந்தத் திட்டத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த ஆலோசனை அதுதான். லேசர் வெட்டும்போது விளிம்பு கொஞ்சம் எரிந்து போகும், அந்தக் கணக்கு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மாறும். தகட்டின் இரு ஓரத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் காது உட்காரும் துளை கொஞ்சம் பெரிதானால் தகடு சாயும், சிறிதானால் விழாமல் அரைகுறையாக நிற்கும். முதல் கட்டத்தில் துளையைச் சரிசெய்யாமல் இருபதை வெட்டியிருந்தால் அத்தனையும் விறகுதான்.

மோட்டாருக்கு 28பி.ஒய்.ஜே-48 என்ற சிறு ஸ்டெப்பர் போதும். ஸ்டெப்பர் என்றால் ஸ்டெப் ஸ்டெப்பாக எண்ணி நகர்த்தக்கூடிய மோட்டார். 5 வோல்ட், உள்ளேயே கியர் இருக்கிறது, யு.எல்.என் 2003 டிரைவர் பலகையோடு சேர்த்தே இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 15 சுற்றுதான் ஓடும். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு நொடி. ரயில் நிலையப் பலகையின் நிதானத்துக்கு இது கச்சிதம்.

இப்போது முக்கியமான கணக்கு. விற்கும் இடத்தில் இந்த மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 2048 ஸ்டெப் என்று போட்டிருக்கும். 40 தகடு என்றால் ஒரு தகட்டுக்கு 51.2 ஸ்டெப். முழு எண் இல்லை. 51 என்று எழுதிவிட்டால் ஒரு சுற்றில் 8 ஸ்டெப் பின்தங்கும். அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் இந்த மோட்டாரின் கியர் விகிதம் விளம்பரத்தில் இருக்கும் 64 இல்லை. பல்லை எண்ணினால் 63.68 சொச்சம்தான் வருகிறது. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2038 ஸ்டெப். 2048 என்று நம்பி எழுதினால் சுற்றுக்குப் பத்து ஸ்டெப் அதிகமாக ஓடும். ஐந்து சுற்று முடிவதற்குள் ஒரு முழு எழுத்து நகர்ந்துவிடும். "CHENNAI" என்று அனுப்பினால் காலையில் சரியாகக் காட்டும், மாலையில் வேறு ஏதோ மொழியில் காட்டும். நான் இதை புரோகிராம் தவறு என்று நினைத்து இரண்டு இரவு தேடியிருக்கிறேன்.

இதற்கு மருந்து, உருளையில் ஒரு குட்டிக் காந்தமும் பெட்டியில் காந்தம் அருகில் வந்தால் உணரும் ஒரு ஹால் சென்சாரும். ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் சென்சாரைக் கடக்கும்போது "இதோ பூஜ்யம்" என்று கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு தகட்டுக்கு எத்தனை ஸ்டெப் என்பதைக் கூட்டிக்கொண்டே போகாமல், பூஜ்யத்திலிருந்து 23ஆவது தகடு எங்கே என்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெருக்கிக் கண்டுபிடியுங்கள், பின்னம் சேராது. காந்தத்தை ஒட்டும் இடம் கட்டத்துக்குக் கட்டம் ஒரு மில்லிமீட்டராவது மாறும், அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித் திருத்த எண் ஒன்றை அளந்து சேமித்து வைக்க வேண்டும். இருபது கட்டத்துக்கு அந்த எண்களைப் பிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

கரண்ட் வந்தவுடன் எல்லாக் கட்டமும் சுற்றிப் பூஜ்யத்தைத் தேடும். அந்த நான்கு நொடிதான் வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் மறுபடி போடச் சொல்லிக் கேட்கும் காட்சி. ஆனால் இருபது மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பக் கூடாது. ஒன்று சுமார் 200 மில்லியாம்பியர் இழுக்கும், இருபதுக்கு 4 ஆம்பியர். என் முதல் வயரிங்கில் மெல்லிய ரிப்பன் கம்பியிலேயே 5 வோல்ட்டை முதல் கட்டத்திலிருந்து கடைசி வரை கொண்டுபோனேன். கடைசி நான்கு கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது 4 வோல்ட்டை ஒட்டித்தான். மோட்டார் நடுங்கியது, நகரவில்லை. இப்போது தடிமனான கம்பி இரண்டு பின்னால் நீளமாக ஓடுகிறது, ஒவ்வொரு நான்கு கட்டத்துக்கும் அதிலிருந்து தனியாக எடுத்திருக்கிறேன். கட்டங்களை இடமிருந்து வலமாகச் சில மில்லி நொடி தள்ளித் தள்ளிக் கிளப்புகிறேன். அலை போல ஓடுவதால் பார்க்கவும் நன்றாக இருக்கிறது. தகடு நின்றதும் மோட்டாரின் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) கரண்டை நிறுத்திவிடுங்கள். கியரின் உராய்வே உருளையைப் பிடித்துக்கொள்ளும், மோட்டாரும் சூடாகாது.

மோட்டாருக்கு நான்கு கம்பி வீதம் இருபதுக்கு 80 கம்பி. ஆர்டுயினோவில் அவ்வளவு கால் கிடையாது. சில கால்களை வைத்தே பல கம்பிகளை ஓட்ட உதவும் 74ஹெச்.சி595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப் பத்தைச் சங்கிலியாகக் கோர்த்தால் முடிந்தது. சென்சார்களைப் படிக்க 74ஹெச்.சி165 மூன்று. வைஃபை வேண்டுமென்றால் ஆர்டுயினோவுக்குப் பதில் வைஃபை உள்ள இ.எஸ்.பி 32. இதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, உங்களுக்கு வரும்.

அடுத்து, தமிழ் வருமா?

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, 10 எண், ஒரு வெற்றிடம், இரண்டு மூன்று குறி, 40 தகட்டில் அடங்கிவிடும். தமிழுக்கு 247. அத்தனையையும் ஒரு உருளையில் மாட்டினால் அது உருளையாக இருக்காது, தேர்ச் சக்கரமாக இருக்கும். கொம்பு, கால், இணைக்கொம்பைத் தனிக் கட்டமாகப் பிரித்துப் பார்த்தேன். உயிர் 12, ஆய்தம் 1. மெய் வரிசைகளில் க, க், கி, கீ, கு, கூ என்ற ஆறு வடிவமும் தனித்தனியாகத்தான் வேண்டும், 18 வீதம் 108. பிறகு ா, ெ, ே, ை நான்கு. மொத்தம் 125. இன்னும் ஜ, ஸ, ஷ, ஹ எதையும் சேர்க்கவில்லை, எண்ணும் இல்லை. தகடு ஒரு திசையில் மட்டுமே திரும்பும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 'க'விலிருந்து 'ஃ'க்குத் திரும்பிப் போக ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். ஒரு எழுத்து மாறுவதற்குள் டீ ஆறிவிடும்.

இதற்கான வழியை ரயில் நிலையங்களே எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. ஐரோப்பாவின் பல நிலையங்களில் முன்பு இருந்த பலகைகள் எழுத்து எழுத்தாகத் திரும்பாது. ஒரு நீளமான தகட்டில் முழு ஊர்ப் பெயரே அச்சிட்டிருக்கும். ஒரே புரட்டலில் ஊர் மாறும். நேரமும் நடைமேடை எண்ணும் மட்டும் தனித் தனி இலக்கமாகப் புரளும். தமிழுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பது என் எண்ணம். எழுத்துரு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், கொம்பும் சுழியும் இயல்பாக அமரும், 'ஸ்ரீரங்கம்' கூடப் பிரச்சினை இல்லை. விலை என்ன என்றால், நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்த 40 சொல்லைத்தான் அது காட்டும். எங்கள் வீட்டுப் பலகையில் கிழமை ஒரு நீளத் தகடு, தமிழ் மாதம் ஒரு நீளத் தகடு, தேதிக்கு இரண்டு எண் கட்டம். ஏழு கிழமைக்கு ஏழு தகடு போதாது, உருளை மிகச் சிறிதாகித் தகடு ஒழுங்காக விழாது. ஏழை ஐந்து முறை திரும்ப அடித்து 35 ஆக்கியிருக்கிறேன். இதில் ஒரு கூடுதல் லாபம்: ஞாயிறிலிருந்து திங்களுக்கு எப்போதும் ஒரே ஒரு புரட்டல். நீளத் தகட்டுக்கு ஐடி கார்டு போதாது, பி.வி.சி ஷீட் வாங்கி வெட்ட வேண்டும், நடுவில் தொய்யாமல் இருக்க இரண்டு பக்கமும் சக்கரம் வேண்டும்.

எழுத்து எழுத்தாகவே வேண்டும், கையால் செய்ய நேரமில்லை என்றால் தயாராகவும் கிடைக்கிறது. வெஸ்டாபோர்டு என்ற அமெரிக்கத் தயாரிப்பில் 6 வரி, வரிக்கு 22 கட்டம், கட்டத்துக்கு 64 தகடு. பெருக்கிப் பாருங்கள்: 8,448 தகடு. அந்த விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது ஒரே ஒரு கட்டத்தைச் செய்து பார்த்தவருக்கு உடனே புரியும். ஆனால் அதில் தமிழ் கிடையாது.

எந்தச் சொல்லையும் காட்ட வேண்டும், தமிழிலும் வேண்டும் என்றால் ஃப்ளிப் டாட் பக்கம் வர வேண்டியதுதான்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு தட்டு. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் ஒளிரும் மஞ்சள். தட்டில் ஒரு நிரந்தரக் காந்தம். அதன் கீழே காயில் சுற்றிய உலோகத் துண்டு. காயிலில் ஒரு மில்லி நொடி அளவுக்குக் கரண்டை ஒரு திசையில் விட்டால் மஞ்சள், எதிர்த் திசையில் விட்டால் கறுப்பு. கரண்ட் நின்ற பிறகும் அந்த உலோகம் காந்தத்தன்மையைத் தக்கவைத்துக்கொள்வதால் தட்டு அசையாது. வெயிலில் எல்.இ.டி மங்கும், இது இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால்தான் பேருந்துக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. இரவில் மட்டும் மேலேயிருந்து விளக்கு போட வேண்டும்.

இந்தத் தட்டுகளை நீங்களே செய்யலாமா என்று கேட்டால், எட்டுக்கு எட்டு வரை செய்து பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பேன். கையால் காயில் சுற்றினால் ஒன்று வலுவாக, ஒன்று பலவீனமாக இருக்கும். பக்கத்துத் தட்டின் காந்தம் இதை இழுக்கும். சாதாரண ஆணியை உள்ளே வைத்தால் காந்தத்தன்மை நிற்காது, கடினப்படுத்திய எஃகு வேண்டும்; இல்லையென்றால் தட்டிலுள்ள காந்தமே இரும்பை ஒட்டிப் பிடிக்கும்படி வடிவத்தை மாற்ற வேண்டும். அறுபத்து நான்கு புள்ளி செய்த பிறகு எனக்கு அந்த ஆசை தீர்ந்துவிட்டது.

பிரிட்டனின் பழைய பேருந்துகளிலிருந்து கழற்றிய, ஹனோவர் என்ற நிறுவனத்தின் ஃப்ளிப் டாட் பலகைகள் விற்பனைக்கு வரும். புதிதாக வேண்டுமென்றால் போலந்தின் வூட்ச் நகரத்தில் ஆல்ஃபா-ஸீட்டா என்ற நிறுவனம் இன்றும் செய்கிறது. இரண்டுமே 24 வோல்ட், இரண்டுமே ஆர்.எஸ்-485 என்ற இரண்டு கம்பித் தொடர்பு. கணினியில் செருக யு.எஸ்.பி மாற்றி ஒன்று போதும்.

ஆல்ஃபா-ஸீட்டா பலகைக்குக் கட்டளை அனுப்பும் மொழி அழகாக இருக்கும். ஒரு பலகை 7 வரி, 28 நெடுவரிசை. ஹெக்ஸ் கணக்கில் (பதினாறு அடிப்படை எண்ணில்) 80 என்று தொடங்கி, 83 என்ற கட்டளை, பலகையின் முகவரி, 28 பைட் படம், 8எஃப் என்று முடிவு. ஒரு பைட் ஒரு நெடுவரிசை, ஏழு பிட் ஏழு புள்ளி. எட்டாவது பிட் படத்தில் எப்போதும் பூஜ்யம், கட்டளைகளில் மட்டும் ஒன்று. அதனால் படத்தையும் கட்டளையையும் பலகை குழப்பிக்கொள்ளாது. மொத்தம் 32 பைட், நொடிக்கு 57,600 பிட் வேகத்தில் ஆறு மில்லி நொடிக்குள் போய்விடும். அசையும் படம்கூட ஓட்டலாம்.

ஹனோவர் பலகை வேறு மாதிரி. அது 4,800 வேகத்தில் கேட்கும், படத்தின் ஒவ்வொரு பைட்டையும் இரண்டு எழுத்தாக எழுதி அனுப்ப வேண்டும். 96க்கு 16 பலகை என்றால் 192 பைட், அனுப்புவது 384 எழுத்துக்கு மேல். ஒரு படம் போய்ச் சேரவே 0.8 நொடி ஆகும். பேருந்துக்கு அது போதும், ஊர் நொடிக்கு நொடி மாறாது. அசையும் படம் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு நேராக வரிசைகளை ஓட்ட வேண்டும். அப்போது ஒன்றில் கவனம்: புரோகிராம் எங்காவது தொங்கிப் போய் ஒரு காயிலில் கரண்ட் நின்றுவிட்டால், மில்லி நொடிக்காகச் செய்த அந்த மெல்லிய கம்பி எரிந்துவிடும். என்னிடம் இருக்கும் பலகையில் நிரந்தரமாகக் கறுத்துப்போன மூன்று புள்ளி இப்படி வந்தவைதான். நிறுத்தும் வேலையை மென்பொருளிடம் விடாதீர்கள், ஒரு வன்பொருள் டைமர் வைத்துவிடுங்கள்.

தமிழுக்கு எந்த உயரம்? ஆங்கிலம் 7 புள்ளி உயரத்தில் நன்றாகவே தெரியும். தமிழ் தெரியாது. மேலே 'கீ'யின் சுழிக்கு இரண்டு மூன்று புள்ளி, கீழே 'கு', 'ழு' இறங்குவதற்கு இரண்டு மூன்று. நடுவில் எழுத்துக்கு மிஞ்சுவது ஒன்றிலிருந்து மூன்று வரைதான். 16 உயரம் வாங்குங்கள். அதிலும் கணினி எழுத்துருவைச் சிறிதாக்கிப் போட்டால் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாக நீங்களே வரைய வேண்டும். 'ஞ' எனக்கு நான்கு முறை எழுதியும் திருப்தி வரவில்லை.

இதற்கும் ஞாபகப் பிரச்சினை உண்டு. தட்டு உண்மையில் திரும்பியதா என்று பலகை சொல்லாது. தூசி அடைத்து ஒன்று சிக்கிக்கொண்டால், மாறிய புள்ளிகளுக்கு மட்டும் கரண்ட் அனுப்பும் புரோகிராம் அதைத் தொடவே தொடாது, தவறு அப்படியே நிற்கும். நாளுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மஞ்சளாக்கி, கறுப்பாக்கி, மறுபடி எழுதுங்கள். சிக்கியதும் விடுபடும், தூசியும் உதறும். நம் ஊரில் முன்னால் கண்ணாடி கட்டாயம். பின்பக்கத் துளைகளையும் வலை வைத்து மூடுங்கள்; என் ஸ்ப்ளிட் ஃப்ளாப் பெட்டிக்குள் பல்லி முட்டையிட்டு, வியாழன் வெள்ளிக்கு மாறாமல் நின்றது.

ஒரு புள்ளிக்குக் கறுப்பும் மஞ்சளும் தவிர நடுவில் ஒன்றும் இல்லையா என்று யாராவது கேட்பார்கள். நியூயார்க்கில் டேனியல் ரோசின் என்ற கலைஞர் 1999இல் 830 மரத் துண்டுகளை மோட்டாரில் மாட்டி ஒரு கண்ணாடி செய்தார். எதிரில் நிற்பவரைக் கேமரா பார்க்கும், ஒவ்வொரு மரத் துண்டும் சாயும் கோணத்தைப் பொறுத்து விளக்கு வெளிச்சம் அதில் கூடும், குறையும். மேல்நோக்கிச் சாய்ந்தால் வெளுப்பு, கீழ்நோக்கிச் சாய்ந்தால் நிழல், நடுவில் எத்தனை சாயல் வேண்டுமோ அத்தனை. கையில் நிறைய சர்வோ மோட்டார் இருந்தால் அதையும் முயலலாம், ஆனால் அது இரண்டாவது திட்டமாக இருக்கட்டும்.

ஆக, உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த வரிசையில் போவேன். மூன்று காகிதத் தகடு, பிறகு ஒரு எண் கட்டம். அதை இரண்டு வாரம் இரவும் பகலும் ஓட விட்டு, எத்தனை முறை எழுத்து தவறுகிறது என்று எண்ணுவேன். தவறாமல் ஓடினால் நான்கு கட்டம் செய்து கடிகாரமாக்குவேன். அங்கேயே நிறுத்தினாலும் சுவருக்கு ஒரு நல்ல பொருள் கிடைத்திருக்கும். தமிழ்த் தகடு அதற்கு அப்புறம்.

நிமிடத்துக்கு ஒரு முறை டக்கென்று கேட்கும் என்பதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பகலில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரவு பதினொன்றுக்கு மேல் 59 முடிந்து பூஜ்யம் வரும்போது மூன்று கட்டம் சேர்ந்து புரளும் சத்தம் அடுத்த அறை வரை போகும். எங்கள் வீட்டில் பத்தரை மணிக்குப் பலகை வெற்றுத் தகட்டுக்குப் போய், காலை ஆறு வரை அப்படியே நிற்கும்.